ரமணாசிரமத்தில் தங்கப் போகிறவர்களுக்கு

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் இறங்கி, கோயிலில் தரிசனம் முடித்து, கிரிவலம் சுற்றி, இரவுப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். செங்கம் சாலையில் நடக்கும்போது வலப்பக்கம் ரமணாசிரமத்தின் வளைவு தெரியும். கால் வலிக்கு அரை மணி நேரம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் இந்த அத்தியாயம் அங்கேயே இரவு படுத்து, அங்கேயே எழுந்து, அங்கேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வர விரும்புகிறவர்களுக்கானது.

ஜப்பானில் மலைகளுக்குள், வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிப் பழைய விடுதிகள் உண்டு. யமனாஷி மாகாணத்தில் 705ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு விடுதி, உலகிலேயே மிகப் பழையது என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது. அப்படிப்பட்ட விடுதிக்குப் போகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வீட்டின் வழக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறார். குளியலுக்கு ஒரு முறை உண்டு, சாப்பாட்டுக்கு ஒரு நேரம் உண்டு. கோயாசான் மலையில் கோயில்களோடு சேர்ந்த விடுதிகளில் தங்கினால், விடியற்காலைப் பூஜையிலும் போய் உட்காரலாம். அதற்கு நெருங்கிய அனுபவம் நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நான் ரமணாசிரமத்தைத்தான் சொல்வேன். இங்கே வெந்நீர் ஊற்று இல்லை. நெருப்புத் தூணாக நின்ற சிவனே குளிர்ந்து மலையானார் என்று தலபுராணம் சொல்லும் அருணாசலம் இருக்கிறது. ஆசிரமத்தின் பின்வாசலைத் தாண்டினால் அந்த மலையிலேயே கால் வைக்கலாம்.

வசதிகளை எதிர்பார்த்து இங்கே வராதீர்கள். அறை என்பது படுக்கவும் குளிக்கவும் மட்டும்தான். ஆசிரமத்துக்கென்று ஒரு நாள் ஓட்டம் இருக்கிறது. அதற்குள் உங்களை விட்டுவிட்டால்தான் இங்கே தங்கியதற்குப் பொருள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

இடம் பற்றிக் கொஞ்சம்

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில், திருவண்ணாமலைக்கு வந்தார். விரூபாட்ச குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலுமாக மலைமேல் பல ஆண்டுகள் இருந்தார். 1922 மே 19 அன்று ஸ்கந்தாசிரமத்தில் அவருடைய தாயார் அழகம்மாள் காலமானார். புனிதமான மலையின் மேல் அடக்கம் செய்யக்கூடாது என்பதால், உடலைக் கீழே பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சமாதி வைத்தார்கள். ரமணர் மலையிலிருந்து அடிக்கடி அங்கே இறங்கி வந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்தவர் அங்கேயே இருந்துவிட்டார். முதலில் இருந்தது ஒரு கீற்றுக் கொட்டகை மட்டுமே. இன்று நீங்கள் பார்க்கும் கோயில், கூடங்கள், சமையற்கட்டு, கோசாலை, விருந்தினர் அறைகள் எல்லாமே அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்தவை. திட்டம் போட்டு யாரும் கட்டவில்லை. வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1935இல் வந்த மேஜர் சாட்விக் என்ற அன்பர் ஆசிரமத்துக்குள்ளேயே தனக்கென ஒரு சிறு குடில் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்க அனுமதி இல்லை. ரமணரின் அன்றாடத்தைத் தெலுங்கில் கடிதங்களாக எழுதிவைத்த சூரி நாகம்மா, பக்கத்தில் ரமண நகரில் வீடு எடுத்துத் தங்கித்தான் தினமும் வந்துபோனார். இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. தனியாக வரும் பெண்கள் நிறையப் பேர் தங்குகிறார்கள்.

அறை கேட்பது

முன்கூட்டி எழுதிக் கேட்டு, உறுதி வந்த பிறகே புறப்படுங்கள். ஆசிரமத்தின் இணையதளத்தில் அதற்கு வழி இருக்கிறது. பெயர், வயது, எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர் உடன் வந்தால் தரைத்தளம் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வந்து நின்றுகொண்டு கேட்டால், அவர்கள் மனம் வைத்தாலும் மாற்று அறை இருக்காது. முதல் தடவை வருகிறவர்கள் இரண்டு மூன்று நாளுக்குக் கேட்பது முறை.

அறைக்கு வாடகை கிடையாது, சாப்பாட்டுக்கும் காசு கிடையாது. கொடுக்க நினைப்பதைக் கிளம்பும்போது அலுவலகத்தில் நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அதே சாலையில் ஒரு சுமாரான விடுதியில் தங்கிச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். முடியாதவர் கவலைப்பட வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

மார்கழியில் ரமணர் ஜயந்தி, சித்திரையை ஒட்டி ஆராதனை, கார்த்திகையில் தீபம் என்று கூட்டம் குவியும் நாட்கள் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டு அன்பர்களும் வந்து நிறைவார்கள். அமைதியாக இருக்க ஆசைப்படுகிறவர்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பௌர்ணமியை விட்டு நடு வாரத்தில் வாருங்கள். வெயில் இருக்கும், ஆனாலும் மாலையில் ஒரு மழை பெய்துவிட்டால் மலை பச்சையாகக் கழுவிவிட்டது போல நிற்கும்.

அறை கிடைக்காவிட்டாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம். பக்கத்திலேயே சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி யோகி ராம்சுரத்குமார் ஆசிரமம். ரமண நகரின் சந்துகளில் வாடகை அறைகளும் ஏராளம். வெளியில் தங்கினாலும் ரமணாசிரமத்தின் பாராயணத்துக்கும் தியானத்துக்கும் வரலாம். சாப்பாட்டுக்கு மட்டும் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர், பேருந்தில் நான்கு ஐந்து மணி நேரம். பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஆசிரமம்" என்று மட்டும் சொன்னால், "எந்த ஆசிரமம் சார்?" என்றுதான் கேட்பார். செங்கம் சாலையில் அத்தனை ஆசிரமங்கள். ரமணாசிரமம் என்று முழுதாகச் சொல்லுங்கள். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகக் காரில் வருகிறவர்களுக்கு ஊருக்குள் நுழையும் முன்பே ஆசிரமம் வந்துவிடும். பேருந்தில் வந்தால் வழியில் நிறுத்துவாரா என்று நடத்துநரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

ரயிலும் இருக்கிறது. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்த வண்டியை 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். கட்டணம் மிகக் குறைவு. ஆனால் மாலையில் புறப்பட்டு நள்ளிரவை ஒட்டித்தான் வந்து சேரும். அந்த நேரத்தில் ஆசிரமத்தின் கதவைத் தட்டக்கூடாது. காலையில் பதினொரு மணிக்குள் வருவது போலவோ, மதியம் இரண்டுக்கு மேல் வருவது போலவோ கிளம்புங்கள். நடுவில் அலுவலகம் மூடியிருக்கும். அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறையும் குளியலும்

சில அறைகள் வளாகத்துக்குள், சில சாலைக்கு எதிர்ப்புறம் மோர்வி விருந்தினர் இல்லப் பகுதியில். எங்கே கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டில், மின்விசிறி, குளியலறை இருக்கும். ஜன்னலுக்கு வலை அடித்திருப்பார்கள். கொசுவும் குரங்கும்தான் காரணம். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது வாழைப்பழம் மட்டுமல்ல, மூக்குக்கண்ணாடி, மாத்திரைப் பொட்டலம் எதுவும் மிஞ்சாது. கொண்டுவர வேண்டியவை: ஒரு போர்வை, துண்டு, டார்ச், கொசுவர்த்தி அல்லது களிம்பு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, சொந்தத் தண்ணீர் பாட்டில்.

வெந்நீர் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சாவி வாங்கும்போதே கேட்டு வையுங்கள். சித்திரை, வைகாசியில் அந்தக் கவலையே வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் மதியம் குழாயைத் திறந்ததும் கை வைக்க முடியாத சூட்டில் கொட்டும். விடியற்காலை நாலரைக்கு, ராத்திரி முழுக்க ஆறிய தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்து நின்று பாருங்கள். மயில் கூவும், பழைய இலுப்பை மரத்தடியில் வாசல் தெளித்துக் கொண்டிருப்பார்கள், மலையின் விளிம்பு மட்டும் கறுப்பாகத் தெரியும். இரண்டு மூன்று நாளும் இதைத் தவறவிடாதீர்கள்.

வளாகத்துக்குள் செருப்பு கிடையாது. வாசலருகே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். கோடை மதியத்தில் தரை சுடும். உடை எளிமையாக இருக்கட்டும். கூடங்களுக்குள் படம் எடுக்கக்கூடாது, கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு வருவது எல்லாவற்றையும்விட நல்லது.

பந்தி

காலை ஏழு மணிக்குச் சிற்றுண்டி, பதினொன்றரைக்குச் சாப்பாடு, மாலை நான்கு மணிக்குத் தேநீர், இரவு ஏழரைக்குச் சாப்பாடு. நேரத்தில் மாற்றம் இருந்தால் பலகையில் எழுதியிருப்பார்கள், வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். மணி அடித்த பிறகு சோம்பலாக வந்தால் பந்தி போய்விடும்.

சாப்பாட்டுக் கூடத்தில் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். முன்னால் தையல் இலை. உட்கார முடியாதவர்களுக்கு மேசை உண்டு. தண்ணீர் தெளித்து இலையைத் துடைப்பதற்குள் வாளியோடு வந்துவிடுவார்கள். சாதம், குழம்பு, கூட்டு, ரசம், மோர் என்று வரிசையாக வரும். காரம் அடக்கமாகத்தான் இருக்கும். பரிமாறுகிறவர்கள் வேகமாக நகர்வார்கள். வேண்டாம் என்றால் வாயால் சொல்வதைவிட இலைக்கு மேல் கையை நீட்டுவதுதான் பலிக்கும். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று அன்பாகக் கேட்பார்கள். முதலில் குறைவாக வாங்குங்கள், மறுபடியும் வருவார்கள்.

குறைவாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரமணர் பல ஆண்டுகள் விடியும் முன்பே எழுந்து இதே ஆசிரமத்தின் சமையற்கட்டில் காய் நறுக்கினார், அரைத்தார், தாளித்தார். சிந்திய தானியத்தைக் குனிந்து பொறுக்குவார், காயில் தூக்கிப் போடும் பாகத்தையும் பயன்படுத்தச் சொல்வார். தமக்கென்று யாராவது தனியாக ஏதாவது கொண்டுவந்தால் எல்லோருக்கும் பங்கிட்டால்தான் தாமும் தொடுவார். பந்தியில் அவர் உட்கார்ந்த இடம் இன்றும் கூடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து இலையில் பாதிச் சோற்றை மீதம் வைக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெளி முற்றத்துக்குப் போய்ப் பாருங்கள். சாதுக்களும் இல்லாதவர்களும் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். முதல் உணவு அவர்களுக்கு. நாராயண சேவை என்பார்கள். ரமணர் காலத்து வழக்கம் அது, இன்றுவரை நிற்கவில்லை. உள்ளே நமக்கு இலை போடுவது அதன் பிறகுதான். பெரிய விடுதிகளில் எத்தனை உபசாரம் கிடைத்தாலும் இந்த வரிசைமுறை கிடைக்காது. ஆசிரமத்தில் எனக்கு எதைக் காட்டிலும் பெரிதாகப் படுவது இதுதான்.

உட்காரும் இடங்கள்

ரமணர் 1928 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த பழைய ஹால் சின்னக் கூடம். அவர் சாய்ந்திருந்த சோபாவில் படம் வைத்திருக்கிறார்கள். பால் பிரண்டனும் மற்றவர்களும் ரமணரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் இந்தக் கூடத்தைத் தேடித்தான் வருகிறார்கள். உள்ளே போனால் குறைந்தது அரை மணி நேரமாவது உட்காருவது என்று முடிவோடு போங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் எழுந்து போனால் கண்ணை மூடியிருக்கும் இருபது பேருக்கும் அது இடைஞ்சல். பையில் பாலிதீன் உறை இருந்தால் வெளியிலேயே வையுங்கள். அந்த அமைதியில் அது கசங்கும் சத்தம் ஊருக்கே கேட்கும். குழந்தைகளோடு வந்திருந்தால் ரமணரின் சமாதிக் கூடம் பெரிது, அங்கே உட்காருங்கள், சுற்றி வரலாம். தாயாரின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயில் அதோடு ஒட்டியே இருக்கிறது. அதன் குடமுழுக்கு 1949 மார்ச்சில் நடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 இரவில் ரமணர் மறைந்த சிறிய அறையும் பக்கத்தில்தான். வெளியே, 1948இல் இறந்த லட்சுமி என்ற பசுவின் சமாதியைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் அங்கே சமாதி உண்டு.

காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வேத பாராயணம். மாலை ஆறரைக்குத் தமிழ்ப் பாராயணம். தமிழர்கள் பலர் வேத பாராயணத்தைக் கேட்டுவிட்டு, ஆறரை மணிக்கு வெளியே காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கிறது. ரமணர் பாடியதும் எழுதியதும் பெரும்பாலும் தமிழில். அக்ஷரமணமாலை, உள்ளது நாற்பது, உபதேச உந்தியார் எல்லாம் நம் மொழியில் பிறந்தவை. ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தவர்கள் அந்த வரிகளைத் தங்கள் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். நமக்கு எழுத்தும் தெரியும், பொருளும் புரியும். புத்தகக் கடையில் பாராயணப் புத்தகம் வாங்கிக்கொண்டு முதல் நாளே போய் உட்காருங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு அணி ஒரு அடி, மறு அணி அடுத்த அடி என்று மாறி மாறிப் பாடுவார்கள். இரண்டாம் நாளே ராகம் பிடிபட்டுவிடும். வருவதற்கு முன் "நான் யார்?" என்ற சிறு நூலையும் படித்துவிட்டு வருவது நல்லது. 1901, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய பதில்களிலிருந்து உருவானது அது.

மலைக்குப் போவது

ஆசிரமத்தின் பின்பக்க வாசலிலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை போகிறது. நிதானமாக ஏறினால் முக்கால் மணி நேரம். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். மாலையில் வாசலை மூடிவிடுவார்கள் என்பதால் பிற்பகலில் தாமதமாகக் கிளம்புவது சரிப்படாது. கையில் உணவுப் பொட்டலம் இருந்தால் குரங்கு விடாது. தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் வையுங்கள். வழியில் ஒரு பாறைமேல் நின்றால் அண்ணாமலையார் கோயில் மொத்தமும் மேலிருந்து தெரியும். நான்கு பெரிய கோபுரங்களும் மதிலுக்குள் மதிலும் வரைபடம் போல விரிந்திருக்கும். ஸ்கந்தாசிரமத்திலிருந்து கீழே விரூபாட்ச குகைக்கு இறங்கி, அப்படியே பேய்க்கோபுரத் தெருப் பக்கம் ஊருக்குள் போய்விடலாம். அப்படிப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டோ பிடித்துத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

உச்சிக்கு ஏறும் ஆசை வேண்டாம். அனுமதியில்லாமல் ஏறக்கூடாது, வழி தவறியவர்களும் உண்டு. கனமழை நாட்களில் ஸ்கந்தாசிரமப் பாதையையும் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் ஊர்ப்பக்க மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மலை எவ்வளவு புனிதமானதோ அவ்வளவு மலையும்கூட.

கிரிவலம் 14 கிலோமீட்டர். தங்கியிருப்பவர்களுக்குப் பௌர்ணமி தேவையே இல்லை. ஏதாவது ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஆசிரம வாசலிலிருந்தே தொடங்கலாம். சாலையில் இடது ஓரமாக நடப்பது மரபு, மலையை ஒட்டிய ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிடுவார்கள். அன்றைய சிற்றுண்டியை வெளியில் முடித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிப் பந்திக்கு ஓடிவர நினைத்தால் நடை கெட்டுப்போகும். பௌர்ணமியன்றும் தீபத்தன்றும் லட்சக்கணக்கானோர் சுற்றுவார்கள், பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், செங்கம் சாலையில் வண்டி வராது. அந்த நாட்களில் வந்து சேரவோ கிளம்பவோ தேதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிளம்பும் நாள்

முந்தின நாளே அலுவலகத்தில் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அறையைக் கூட்டிவிட்டு, குப்பையை எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குச் சாவியைக் கொடுங்கள். ஏதோ காரணத்தால் ஒரு நாள் முன்பே போக வேண்டியிருந்தால் பேசாமல் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், உடனே போய்ச் சொல்லுங்கள். வரவே முடியாமல் போனாலும் தேதிக்கு முன்பே எழுதிவிடுங்கள். இடமில்லை என்று பதில் வாங்கிய யாரோ ஒருவருக்கு அந்த அறையைக் கொடுத்துவிடுவார்கள்.